கொல்லிமலை: உயரமும் காய்ச்சலும் எழுதிய வரலாறு

என் ஆயாவின் ஊர் சேந்தமங்கலத்திற்கு அருகில். வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால் கிழக்கே கொல்லிமலை ஒரு மதில் போல எழுந்து நிற்கும். அந்த மலையைப் பற்றி ஆயாவிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. "மலைக்குப் போனா பொழுது சாயறதுக்குள்ள இறங்கிடணும். ராத்தங்கி அந்தத் தண்ணியக் குடிச்சா காய்ச்சல் புடிச்சுக்கும்." அவர் சிறுமியாக இருந்தது 1940-களில். பிறகு பேருந்து வந்தது, விடுதிகள் வந்தன, கூட்டம் வந்தது. ஆனால் கடைசி வரை ஆயா கொல்லிமலையில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கத் தொடங்கி, ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துக்கொண்டு அம்மலைக்குப் போய்வரும் எனக்கு, ஆயாவின் சட்டத்தில் பாதி உண்மை இருந்தது என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. இரவு தங்குவது ஆபத்து என்பது சரி. தண்ணீரைக் குடிப்பதால் காய்ச்சல் என்பதுதான் தவறு. அந்தச் சரியும் தவறும் சேர்ந்து ஒரு மலையின் வரலாற்றையே எப்படித் தீர்மானித்தன என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. சேலத்தைச் சுற்றி மலைகள் பல. அவற்றில் சேர்வராயன் மலை மேல் 1820-களிலேயே மாவட்ட ஆட்சியர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். ஏற்காடு தோட்டங்களும் பங்களாக்களும் பள்ளிகளும் நிறைந்த ஊராயிற்று. அதே சேலம் மாவட்டத்தில் அப்போது இருந்த கொல்லிமலையும் உயரமானது, குளிர்ச்சியானது, நீர்வளம் மிக்கது. அங்கே ஏன் ஓர் ஏற்காடு உருவாகவில்லை?

மலையின் அமைப்பு

கொல்லிமலை கூம்பு வடிவ மலையன்று, மேசை போன்றது. பக்கங்கள் செங்குத்தாக எழும்புகின்றன. மேலே போய்விட்டால் ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேடும் பள்ளமுமாக ஒரு தனி நாடே விரிந்து கிடக்கிறது. அதன் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. பள்ளங்களில் நெல் வயல்கள், சரிவுகளில் மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், பலா, வாழை, அன்னாசி. இங்கே பிறக்கும் அய்யாறு அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடி, ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துச் சமவெளியை அடைகிறது. அருவியின் அடிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது உற்சாகமாக எண்ணிக்கொண்டு போகும் மாணவர்கள் ஏறும்போது எண்ணுவதில்லை.

மலையடிவாரமான காரவள்ளியில் ஒருமுறை, மேலே செம்மேட்டில் ஒருமுறை, ஆய்வகத்து அனிராய்டு பாரமானியைப் பார்ப்பது எங்கள் வழக்கம். அடிவாரத்தில் பாதரச அளவில் 740 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் காற்றழுத்தம், 1,200 மீட்டர் உயரத்தில் 660-ஐ ஒட்டி இறங்கிவிடும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 96 டிகிரி செண்டிகிரேட்டிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாகும் என்று மலையில் சமைப்பவர்களுக்கு இது நம் பாடநூலைப் படிக்காமலே தெரியும். காற்றின் வெப்பநிலையும் அப்படித்தான்: 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி இறங்கும். இந்த ஆறரை டிகிரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மலையின் பாறை பெரும்பாலும் சார்னகைட் என்னும் வகை. சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பதும் இதே இனம்தான். கல்கத்தாவில் ஜோப் சார்னக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் ஹாலந்து, அவர் பெயரையே 1893-இல் அந்தப் பாறைக்குச் சூட்டினார். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. இப்பகுதிப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். மேலிருந்தவை எல்லாம் அரித்துப் போனபின் ஆழத்தில் இருந்தது இன்று 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

இந்த உறுதியான பாறையையும் மழை சும்மா விடவில்லை. நீண்ட நெடுங்காலம் வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கியதில், பாறையில் இருந்த சிலிக்கா கரைந்து வெளியேற, அலுமினியம் மிகுந்த மிச்சம் மலையின் மேல்மட்டத்தில் தங்கியது. அதுவே பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதை இம்மலையிலிருந்து வெட்டி இறக்கியதும் உண்டு.

நற்றிணைப் பாடல்கள் கொல்லிப் பாவையைப் பேசுகின்றன. இம்மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் அமைத்த பெண்ணுருவம் அது. காற்றோ மழையோ இடியோ அதன் அழகைக் கெடுப்பதில்லை என்கிறார்கள் புலவர்கள். மழையால் மக்கிப் பாக்சைட்டாகிப்போன பாறையின் மேல் நின்றுகொண்டு இதை நினைக்கும்போது, அந்தக் கற்பனை எவ்வளவு துணிச்சலானது என்று தோன்றும். இன்று மலையில் உள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப் பாவை என்று வழிபடுகிறார்கள்.

ஓரியின் அம்பு

சங்க காலத்தில் இம்மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் எய்த ஒரே அம்பு யானையைக் கொன்று, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் வீழ்த்தி, கடைசியில் புற்றருகே கிடந்த உடும்பின் உடலில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். மாணவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புவார்கள். போடலாம். 80 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பறந்தால் அதன் இயக்க ஆற்றல் 100 ஜூல். ஒரு பத்துக் கிலோ மூட்டையை ஒரு மீட்டர் தூக்கும் ஆற்றல். கூரிய முனையுள்ள அம்பு ஒரு விலங்கைக் கொல்ல இது தாராளமாகப் போதும். ஐந்து விலங்குகளுக்குப் போதாது.

ஆனால் இத்தோடு பாடலை மூடிவைப்பவர்கள் பயனுள்ள செய்தியைத் தவறவிடுகிறார்கள். யானை, புலி, புள்ளிமான், காட்டுப்பன்றி, உடும்பு. இது ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் அம்மலைக் காட்டில் புலவர் கண்முன் கொண்டுவரும் விலங்குகளின் பட்டியல். இவற்றில் யானையும் புலியும் இன்று கொல்லிமலையில் இல்லை.

ஓரியை முள்ளூர் மன்னன் காரி கொன்று, கொல்லியைச் சேரனிடம் ஒப்படைத்தான் என்று அகநானூறு சொல்கிறது. பிற்காலத்தில் சோழர் கல்வெட்டுகள் அறப்பளீசுவரர் கோயிலில் இடம்பெற்றன. ஆக, மலை என்றும் வெளியுலகத்துக்குத் தெரியாத இடமாக இருந்ததில்லை. தெரிந்திருந்தும் எட்டாத இடமாக இருந்தது. ஓரிக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆடிப் பதினெட்டை ஒட்டி அவன் பெயரில் அரசு விழாவும் நடக்கிறது.

இன்று மலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்தவர் என்று மயங்க வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்த மூன்று சகோதரர்கள் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மூன்று மலைகளுக்குப் பிரிந்து போனார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. மலை முழுவதும் 14 நாடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு என்று. இப்பெயர்களே இன்று ஊராட்சிகளின் பெயர்கள். சமவெளியில் கல்வெட்டுகளில் மட்டும் எஞ்சியிருக்கும் 'நாடு' என்ற சொல், இங்கே பேருந்துப் பலகையிலும் ரேஷன் அட்டையிலும் உயிரோடு இருக்கிறது.

தலைச்சுமையின் கணக்கு

சாலை இல்லாத காலத்தில் உப்பும் இரும்பும் துணியும் தலைச்சுமையாகத்தான் மேலே போயின. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் முப்பது கிலோ சுமையோடு 1,000 மீட்டர் ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோவை 1,000 மீட்டர் உயர்த்தச் செய்யவேண்டிய வேலை 7 இலட்சத்து 84 ஆயிரம் ஜூல். ஏறத்தாழ 187 கிலோ கலோரி. தசைகள் உண்ட உணவில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால் அவள் செலவிடுவது 750 கிலோ கலோரி. இது 200 கிராமுக்குச் சற்று மேற்பட்ட சாமை அரிசி.

உப்புக்காக இவ்வளவு செலவிடலாம். உணவுத் தானியத்துக்காக? ஏறிய கூலியே சுமையில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். எனவே மலை தன் சோற்றைத் தானே விளைத்துக்கொண்டது: சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு. சாமையில் மட்டும் பெருஞ்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலாச்சாமை, மல்லியச்சாமை என்று எத்தனையோ வகைகள். சில சீக்கிரம் விளையும்; சில நாள் கூட எடுக்கும். ஒன்று பொய்த்தால் இன்னொன்று. பல தலைமுறைப் பெண்கள் ஒவ்வோர் அறுவடையிலும் நல்ல கதிராகப் பார்த்து எடுத்துவைத்த விதைகள் இவை. வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இதைத் தேர்வு முறை என்பார்கள்.

இனி காய்ச்சலுக்கு வருவோம்

ஆயா சொன்ன காய்ச்சல் மலேரியா. கொசு இரவில் கடிக்கும்; எனவே இரவு தங்காதவன் பெரும்பாலும் தப்பித்தான். அவன் தண்ணீர் குடிக்காததால் தப்பித்ததாக ஊர் நினைத்தது. நோய்க் கிருமி அனாபிலிஸ் கொசுவுக்குள் வளர்கிறது என்பதை 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். மலையோடைகளின் தெளிந்த, மெல்ல ஓடும் நீரில் முட்டையிடும் ஒருவகை அனாபிலிஸ் கொசுதான் தென்னிந்திய மலைகளில் பெரும் குற்றவாளி. ஆக, தண்ணீருக்கும் பங்கு உண்டு; குடத்துத் தண்ணீருக்கு அன்று, ஓடைத் தண்ணீருக்கு.

முன்பு சொன்ன ஆறரை டிகிரியை இப்போது எடுத்துக்கொள்வோம். கொடிய வகை மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் முதிர்ச்சி அடைய 25 டிகிரியில் ஏறத்தாழ 12 நாள் ஆகும். 20 டிகிரியில் 28 நாள். 16 டிகிரிக்கு அருகே வளர்ச்சியே நின்றுவிடும். கொசுவின் ஆயுளோ சில வாரங்கள்தான். கிருமி முதிர்வதற்குள் கொசு செத்துப்போனால் நோய் பரவாது. சமவெளியின் ஆண்டுச் சராசரியை 28 டிகிரி என்று கொண்டால், கொல்லிமலை மேல் அது 21, 22 டிகிரி. கிருமி முதிர மூன்று வாரத்துக்குள். 1,500 மீட்டரில் உள்ள ஏற்காட்டில் 20-ஐ ஒட்டி, நான்கு வாரம். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகமண்டலத்தில் கிருமிக்கு வாழ்வே இல்லை.

இது தோராயக் கணக்கு. ஓடைகளும் வயல்களும் அமைந்த விதமும் சேர்ந்துதான் நோயைத் தீர்மானிக்கும். காய்ச்சல் ஏற்காட்டையும் விட்டுவைக்கவில்லை. இருந்தாலும் கொல்லிமலை வெயிலிலிருந்து தப்பும் அளவுக்கு உயர்ந்தும், கொசுவிடமிருந்து தப்பும் அளவுக்கு உயராமலும் நின்றுவிட்டது என்று சொல்வேன். காப்பித் தோட்டத் துரைமார்கள் இங்கே பெருகாததற்கு இது முக்கியக் காரணம். 'கொல்லி' என்ற பெயரே கொல்லும் காய்ச்சலால் வந்தது என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. சங்கப் பாடல்களிலேயே உள்ள பெயருக்கு அவ்வளவு எளிதாகக் காரணம் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம்.

அஞ்சாமல் ஏறியவர்களும் உண்டு. 1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் கிறித்தவ ஊழியர்களாக இம்மலையில் குடியேறினர். வாழவந்தியில் வீடு கட்டி, மருந்து கொடுத்து, நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி வெளியே எடுத்து, பள்ளி நடத்தினர். 1929-இல் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். மலேரியா முற்றி, இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து வரும் நிலை அது. அவரை மலையிலேயே அடக்கம் செய்தனர். முதுமையிலும் மலைகளை விடாமல் பணிசெய்த எவலின் 1974-இல் மறைந்தபின் அவர் அருகிலேயே அடக்கமானார்.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்து, இம்மலையில் ஓடி விளையாடி வளர்ந்து, ஒன்பது வயதில் படிப்பதற்காக இங்கிலாந்து போனவர். தந்தையை அதன்பின் அவர் பார்க்கவே இல்லை. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்த அவர்தான், தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு போனதால் படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று எடுத்துக்காட்டியவர். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார். 2003-இல் காலமானார்.

மலேரியாவின் பிடி தளர்ந்தது விடுதலைக்குப் பின்னர்தான். 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்குக் காய்ச்சல், 8 இலட்சம் சாவு என்று மதிப்பிட்டிருந்தனர். வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்ததில் 1960-களின் நடுவில் நோயாளிகள் ஓர் இலட்சமாகக் குறைந்தனர். 1976-இல் நோய் மீண்டும் தலைதூக்கி 60 இலட்சத்தைத் தாண்டியது வேறு கதை. மலைக்கு இருந்த காவல் போய்விட்டது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. ஆம், காவல் என்றுதான் சொல்கிறேன். பிள்ளைகளைக் கொன்ற அதே கொசு, வெளியாரையும் தடுத்து நிறுத்தியிருந்தது. அந்தக் காவலைத் திரும்பக் கேட்க யாருக்கும் மனம் வராது.

எழுபது வளைவுகள்

அடுத்த தடை செங்குத்து. 1,000 மீட்டர் உயரத்தை இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் ஏறவேண்டுமானால் 20 கிலோமீட்டர் நீளச் சாலை வேண்டும். நேர்க்கோட்டில் பார்த்தால் அங்கே இருப்பது சில கிலோமீட்டரே. எனவே சாலையை மடிக்கிறார்கள். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. செய்யும் வேலையின் அளவு மாறாது. தேவைப்படும் விசை மட்டும் குறைகிறது. சாய்தளப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. வாந்தி எடுக்காத மாணவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

சாலையால் மருத்துவமனை கிட்டியது, பள்ளி கிட்டியது, மிளகுக்கும் பலாவுக்கும் சந்தை கிட்டியது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகி ஆட்சியர் அலுவலகமும் அருகே வந்தது. கூடவே மரவள்ளியும் வந்தது. சேலம், இராசிபுரம், ஆத்தூர் வட்டாரங்களின் சவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு மூலப்பொருள். பச்சைக் கிழங்கின் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் தண்ணீர். தலைச்சுமைக் காலத்தில் இதை யாரும் விற்பனைக்கென்று விளைத்திருக்க மாட்டார்கள். லாரி வந்ததும் கணக்கு தலைகீழாயிற்று. காசு தரும் கிழங்கு சாமைக் காட்டில் ஏறியது. சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடும், நியாயவிலைக் கடை அரிசியும் மீதியைச் செய்தன.

ஒரு முறை வளப்பூர் நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் மாணவர்களோடு ஒதுங்கினேன். அடுக்குப் பானையிலிருந்து ஒரு பிடி விதை எடுத்துக் காட்டினார் அந்த வீட்டுப் பாட்டி. மல்லியச்சாமை. "எத்தனை ஏக்கர் போடுறீங்க, பாட்டி?" என்று கேட்டேன். சிரித்தார். "ஏக்கரா? வூட்டுக்குப் பின்னால ஒரு துண்டு. வெத போயிடக்கூடாதுன்னு போடறேன், சாரு. மருமவ திட்டுறா, அந்த எடத்துல கெழங்கு நட்டா ஆயிரம் ரூவா வருமேன்னு."

மருமகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய பெண் நாமக்கல் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கட்டணம் கிழங்கில்தான் வருகிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் முதல் இம்மலையில் விதைகளைச் சேகரித்தல், ஊர் விதை வங்கி, உமி நீக்கும் சிறு இயந்திரம், பெண்கள் குழுக்கள் வழியாகச் சாமை மாவு விற்பனை என்று பாடுபட்டு வந்திருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் சாமைக்கு இப்போது நல்ல விலை. ஆனால் அந்த விலையில் எவ்வளவு 70 வளைவுகளைத் தாண்டி மேலே போய்ச் சேருகிறது என்பதை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். சொன்ன தொகையை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மாலையில் இறங்கினோம். முன்னால் மரவள்ளி மூட்டைகளோடு ஒரு லாரி. பத்து டன் சுமை 1,000 மீட்டர் இறங்கும்போது இழக்கும் நிலை ஆற்றல் 9 கோடியே 80 இலட்சம் ஜூல் என்று மாணவன் ஒருவன் பேருந்திலேயே கணக்கிட்டான். 300 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இதில் பெரும்பகுதி பிரேக்கிலும் என்ஜினிலும்தான் வெப்பமாகிப் போகிறது. காரவள்ளியில் லாரி ஓரங்கட்டி நின்றபோது சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. ஓட்டுநர் இறங்கி, குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துச் சக்கரத்தின் மேல் ஊற்றினார், ஆவி எழுந்தது. எங்களுக்குப் பின்னால் மலை இருண்டுவிட்டிருந்தது. மேலே அங்கங்கே விளக்குகள் எரிந்தன.